ஆறு டயரும் என் சந்தேகமும்

"மேடம், மறுபடியும் பாட்டில் உடைஞ்சிருக்கு."

போன திங்கட்கிழமை காலை, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் நேரத்தில் வந்தது அந்த போன். பேசியவர் பெங்களூர் பீன்யாவில் உள்ள ஒரு மருந்து கம்பெனியின் ஸ்டோர்ஸ் மேனேஜர். பொம்மசந்திராவிலிருந்து காலி மருந்து பாட்டில்களை ஏற்றிப் போய் அவர்களிடம் இறக்குவதுதான் எங்கள் லாரியின் பிழைப்பு. அத்தனையும் கண்ணாடி.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க வேற லாரி பார்த்துக்குவோம். தப்பா எடுத்துக்காதீங்க மேடம்."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் புரட்டுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் வீட்டுக்காரர் ஃபேக்டரி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியபோது ஆசைப்பட்டு வாங்கியது இந்த ஆறு சக்கர லாரி. அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து, அவர் காக்ஸ் டவுன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். லாரிக்கு நான் மேனேஜர். ஓட்டுவது முனிரத்னம். எட்டு வருஷமாக எங்களோடு இருக்கிறார்.

நான் யார்? இருபத்தேழு வருஷம் ஸ்கூலில் வேலை பார்த்தவள். பரீட்சை ஹாலில் நான் சூப்பர்விஷன் என்றால், பிள்ளைகள் முகம் வெளுத்துப் போகும். இருமினால் சந்தேகம். இருமாமல் இருந்தால் அதைவிடச் சந்தேகம். ரிடையர் ஆனது வேலையிலிருந்துதான்... சந்தேகத்திலிருந்து இல்லை.

"உனக்கு உன் நிழல் மேலயே நம்பிக்கை கிடையாது ஸ்டெல்லா" என்பார் இவர்.

நிழல் ஏன் காலையில் நீளமாகவும் மத்தியானம் குட்டையாகவும் இருக்கிறது? யோசிக்க வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் முனிரத்னம்தான் முதலில் சொன்னார். "அக்கா, அறுபதுக்கு மேல போனா ஸ்டீரிங் கையில நிக்க மாட்டேங்குது. வண்டி முழுக்க உதறுது. டயருங்களை பேலன்ஸ் பண்ணணும்."

பொம்மசந்திராவில் ஹோசூர் ரோட்டை ஒட்டி ஒரு டயர் கடை. நடத்துபவர் ரஃபீக் பாய். முனிரத்னமும் அவரும் பத்து வருஷச் சிநேகிதர்கள். இரண்டு பேர் சிநேகிதர்கள் என்றாலே எனக்கு மூக்கில் வியர்க்கும். ஒருவர் லாரியை ஓட்டுகிறவர், இன்னொருவர் அதே லாரிக்கு வேலை செய்கிறவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

பாய் பொறுமையாக விளக்கினார். எந்த டயரும் சுற்றிலும் ஒரே கனமாக இருக்காதாம். எங்கேயோ ஒரு பக்கம் கொஞ்சம் கனம் கூடியிருக்கும். மெதுவாகப் போனால் தெரியாது. வேகமெடுத்தால் அந்தப் பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் ரோட்டை இடிக்கும். அந்த இடிதான் ஸ்டீரிங்குக்கும் வருகிறது, பின்னால் இருக்கிற பாட்டிலுக்கும் போகிறது.

"அதுக்கு என்ன பண்ணணும் பாய்?"

"வழி நிறைய இருக்கு மேடம். ஒண்ணு, சக்கரத்தைக் கழட்டி மெஷின்ல சுத்த விடறது. எங்கே கனம் கம்மின்னு மெஷின் காட்டும். அந்த இடத்துல ரிம் ஓரத்துல ஈயக்கட்டி அடிக்கறது."

கனம் சரியில்லை என்றால் மேலும் கனம் சேர்ப்பதா? காய்கறிக்காரர் தராசில் புளியை ஒட்டுவது மாதிரி அல்லவா இருக்கிறது? அந்த மெஷின் சொல்வது சரி என்று எந்த மெஷின் சொல்லும்?

"கழட்டாமயே, வண்டியில இருக்கும்போதே ஜாக்கி வச்சுத் தூக்கி, சுத்த விட்டும் பார்க்கலாம். அதுல சக்கரத்தோட ஹப், டிரம் எல்லாம் சேர்ந்து சரியாகும். ஆனா அதுக்கு டவுன்ல இருக்கிற பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போகணும்."

பெரிய ஒர்க்‌ஷாப்பா? அங்கே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நம்மை உட்கார வைத்து காப்பி கொடுப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யார் கண்டது?

"இன்னொண்ணு ரிங். சக்கரத்துக்குப் பின்னாடி வளையம் மாதிரி மாட்டிடறது. உள்ளே திரவமும் குண்டுகளும் இருக்கும். ஓட ஓட அதுவே நகர்ந்து, கனம் கம்மியா இருக்கிற பக்கம் போய் நிக்கும். அப்புறம், டயருக்குள்ளேயே சின்னச் சின்ன கண்ணாடி மணி போடறது. அதுவும் அதே மாதிரிதான். நம்ம ரோட்டுக்கு மணிதான் பெஸ்ட்."

முனிரத்னம் உடனே தலையாட்டினார். "ஹௌதுக்கா. ஈயக்கட்டி நம்ம ரோடு பள்ளத்துல ஒரு மாசம் தாங்காது. எகிறிப் போயிடும். மணியே போட்டுடலாம்."

பார்த்தீர்களா? கேட்காமலே இரண்டு பேரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். அதுவும் எதற்கு? உள்ளே போட்டு மூடிவிட்டால் வெளியே தெரியாத ஒரு பொருளுக்கு!

ஆனாலும் வேறு வழியில்லை. ஸ்டூல் போட்டு டயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஆறு டயருக்கும் ஆறு பை. ஒவ்வொரு பையும் உள்ளே போகிற வரைக்கும் கண் சிமிட்டவில்லை. ஜவ்வரிசியைவிடச் சின்ன மணிகள். காலிப் பைகளைக்கூட நானே வாங்கி வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது முனிரத்னம் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி டேஷ்போர்டில் வைத்தார். எலக்ட்ரானிக் சிட்டி தாண்டும் வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. "நோடி அக்கா, பாருங்க!" என்று சிரித்தார்.

முக்கால் டம்ளர்தானே ஊற்றினார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது போன மாதம். அந்த நாட்களில் எனக்கு வேறொரு குடைச்சல்... பங்சர். மாதத்தில் மூன்று நாலு தடவை போன் வரும். "அக்கா, டயர் பங்சர். ஒரு மணி நேரம் லேட்டாகும்." எங்கே என்று ஜிபிஎஸ்ஸில் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடம். பொம்மசந்திராவுக்கு உள்ளே, கம்பெனிக்குத் திரும்பும் ஒரு குறுக்கு ரோடு. அதற்கு இரண்டு தெரு தள்ளி யார் வீடு தெரியுமா? முனிரத்னத்தின் சொந்த அக்கா வீடு!

பங்சராம் பங்சர். அக்கா கையால் ராகிக்களி முத்தையும் சாறும் சாப்பிடத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

மாலூர் பக்கம் அவர் ஊரில் முனேஸ்வரர் கோயில் ஜாத்திரை வந்தது. நாலு நாள் லீவு போட்டார். விட்டேனா? பதிலுக்கு வந்த டிரைவரைக் கூட்டிக்கொண்டு பீன்யா பக்கம் ஒரு கடைக்குப் போனேன். டயருக்குள் ஒரு பச்சை ஜெல்லி ஊற்றுகிறார்கள். ஆணி குத்தினாலும் ஓட்டையை அதுவே அடைத்துவிடும். ஆறு டயருக்கும் ஊற்றச் சொன்னேன். இனிமேல் பங்சர் என்ற பேச்சே வரக் கூடாது. வந்தால் பொய். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்!

ஜாத்திரை முடிந்து வந்த முனிரத்னத்திடம் மூச்சு விடவில்லை.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. "அக்கா, ஸ்டீரிங் திரும்பவும் உதறுது. முன்னைக்கு இப்போ ஜாஸ்தி." அதற்குப் பின்னாலேயே பாட்டில் உடைந்த போன். அப்புறம் நான் முதலில் சொன்ன திங்கட்கிழமை போன்.

எனக்கு எல்லாமே வெட்ட வெளிச்சமாகிவிட்டது. மணிகளைக் காணோம். இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து எடுத்து வேறு லாரிக்குப் போட்டிருக்கிறார்கள். வேறென்ன? பதில் டிரைவருக்குப் போன் போட்டு, வியாழக்கிழமையிலிருந்து நிரந்தரமாக வரச் சொல்லிவிட்டேன்.

இவர் மட்டும், "எட்டு வருஷம் ஓட்டினவன் ஸ்டெல்லா... அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளேன்" என்றார்.

திருடனிடம் போய்த் திருடினாயா என்று யாராவது கேட்பார்களா?

புதன்கிழமை காலை. முனிரத்னத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் சிவந்துவிட்டது. பெரிய பெண்ணை இந்த வருஷம்தான் காலேஜில் சேர்த்திருந்தார். "பாய் கடைக்கு வாங்கக்கா. உங்க கண்ணு முன்னால டயரைக் கழட்டட்டும். உள்ளே மணி இல்லேன்னா சாவியை அங்கேயே கொடுத்துடறேன்" என்றார்.

போனோம். அதே ஸ்டூல். பாய் முன் டயரைக் கழற்றி, ரிம்மிலிருந்து பிரித்து, ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

பச்சை நிறத்தில் ஜவ்வரிசிப் பாயசம்.

அப்படித்தான் இருந்தது. அத்தனை மணிகளும் உள்ளேதான் இருந்தன. ஒன்றும் எங்கேயும் போகவில்லை. ஆனால் ஜெல்லியில் சிக்கி, கட்டி கட்டியாகத் திரண்டு, டயரின் ஒரே பக்கத்தில் அப்பிக்கொண்டிருந்தன.

பாய் குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "அரே... இது யாரு ஊத்துனது? மணி ஓடிக்கிட்டே இருக்கணும் மேடம். ஒட்டிக்கிச்சுன்னா அவ்ளோதான். அதுவே ஒரு பக்கத்துக்குக் கனமாயிடும். முனி, நீ வேற எங்கயாவது விட்டியா வண்டியை?"

"நான் ஏன் பாய் விடறேன்? உன் கடையைத் தவிர வேற எங்கயும் டயரைத் தொட விட்டதில்ல. நீதான் ஏதாவது ட்ரை பண்ணிப் பார்த்தியா?"

"என்ன பேச்சு பேசறே? என் கையால செஞ்ச வேலையை நானே கெடுப்பேனா?"

"அப்போ நான் கெடுத்தேனா?"

குரல்கள் ஏறின. பத்து வருஷச் சிநேகிதம் என் கண் முன்னால் கிழிந்துகொண்டிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. காப்பியடித்துவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்ளும் பிள்ளைகளை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! இப்போது அந்த முகம் எனக்கு.

பாய் கையை உதறிவிட்டு, "இனி இந்த வண்டியைக் கொண்டு வராதே முனி" என்றபோதுதான் எழுந்தேன்.

"நான்தான் ஊத்தச் சொன்னேன்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊற்றுவதற்கு முன்னால் அந்தக் கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "உள்ளே வேற ஏதாவது போட்டிருக்கீங்களா மேடம்?" ஏன் கேட்கிறார் என்று சந்தேகப்பட்டேன். இருக்கிறது என்றால், அது மட்டம், எங்கள் சரக்கைப் போடுங்கள் என்பார்... அதனால், "காத்துதான் இருக்கு" என்றேன்.

இதையும் இரண்டு பேரிடமும் சொன்னேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். முனிரத்னம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா ஊத்துனீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உங்க பங்சர் எல்லாம் பொய்னு நினைச்சேன். அக்கா வீட்டுக்குப் போறீங்கன்னு நினைச்சேன்."

அவர் லாரிக்குப் போனார். சாவியை எடுத்துவரத்தான் போகிறார் என்று நினைத்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார்.

பாட்டில் நிறைய ஆணி. ஸ்க்ரூ. லேத் பட்டறையில் சீவிப் போட்ட இரும்புச் சுருள். உடைந்த போல்ட்.

"அந்தக் குறுக்கு ரோட்டுல ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட் இருக்கு அக்கா. இரும்பையெல்லாம் ரோட்டுலயே பெருக்கித் தள்ளறாங்க. ஒவ்வொரு பங்சருக்கும் டயர்ல இருந்து எடுத்ததை எடுத்து வெச்சேன். என்னைக்காவது நீங்க கேப்பீங்க, அன்னைக்குக் காட்டலாம்னு..." பாட்டிலை என் கையில் வைத்தார். "நீங்க கேக்கவே இல்லையேக்கா."

ஆமாம். எட்டு வருஷத்தில் நூறு தடவை சந்தேகப்பட்டிருக்கிறேன். ஒரு தடவை கேட்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க முனிரத்னம்" என்றேன். பரீட்சை ஹாலில் தப்பாகப் பிடித்த எந்தப் பிள்ளையிடமும் சொல்லாத வார்த்தை.

"டென்ஷன் நக்கோ மேடம், விடுங்க" என்றார் பாய். "முனி, பக்கெட் கொண்டா." ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் இனி வராதே என்றவர்! ஆறு டயரையும் கழுவி, துடைத்து, ஈரம் போகக் காய வைத்து, புது மணி போட்டு முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. நான் இந்தத் தடவை கடைக்கு வெளியே போய், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்தே பதில் டிரைவருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன்.

மறுநாள் பாட்டில் லோடோடு நானும் பீன்யா வரை போனேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றியது நான்தான். விளிம்பு வரை. பீன்யாவில் இறங்கும்போது டேஷ்போர்டு காய்ந்திருந்தது. மேனேஜர் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்றார். அப்பாடா என்றிருந்தது.

நேற்று மத்தியானம் முனிரத்னத்தின் போன். "அக்கா, டயர் பங்சர். ஒரு மணி நேரம் லேட்டாகும்."

நான் ஜிபிஎஸ்ஸைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. "சரி முனிரத்னம், பார்த்து மெதுவா வாங்க" என்றேன்.

"போட்டோ அனுப்பட்டுமாக்கா?"

"சே, எதுக்கு? நான் நம்பறேன்."

போனை வைத்து இரண்டு நிமிஷம் இருக்கும். உள்ளங்கையில் ஆணியோடு வந்து விழுந்தது ஒரு போட்டோ. அதன் பின்னாலேயே இன்னொன்று... டயரோடும், நம்பர் பிளேட்டோடும்.

எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அவருக்குத்தான் என் மேல் இன்னும் வரவில்லை.