அஞ்சு முடிஞ்சுது

கொக்குவிலில் எங்கள் வீட்டு அலுமாரியில், மகளின் பாடப் புத்தகங்களுக்கு நடுவே, மழையில் நனைந்து ஊதிப்போன ஆங்கில நாவல் ஒன்று இருக்கிறது. வெயிலில் காயவைத்த பிறகும் அது சரியாக மூடவில்லை. நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் நெல்லியடி பஸ் ரிக்கற் ஒன்று செருகியிருக்கும். அதற்கு அப்பால் நான் வாசிக்கவில்லை, இனி வாசிக்கப்போவதுமில்லை. எடுத்த புத்தகத்தை முடிக்காமல் கீழே வைக்காதவள் என்று நான் வேலை செய்யும் கந்தோரில் எனக்கொரு பெயர் உண்டு. குப்பை என்று பத்தாம் பக்கத்திலேயே தெரிந்தாலும் கடைசி வரி வரைக்கும் போய், பிறகு ஆற அமர இருந்து திட்டுவேன். அப்படிப்பட்டவள் இந்த ஐம்பது வயதுக்குள் பாதியில் விட்டவை இரண்டே இரண்டு புத்தகங்கள். இரண்டுக்கும் காரணம் என் மச்சாள், மாமாவின் மகள். இரண்டாவது புத்தகம் எழுதப்படுவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே அவள் செத்துப்போனாள்.

அந்த நாவலை என் மகளுக்குக் கனடாவில் இருந்து சித்தப்பா அனுப்பியிருந்தார். மகளுக்குப் பதினைந்து வயது. இரண்டு இரவில் வாசித்து முடித்துவிட்டு என் கையில் திணித்தாள். "அம்மா, இதை வாசிச்சு முடிச்சிட்டுத்தான் நீங்கள் என்னோடை கதைக்கவேணும்" என்றாள். நானும் கரவெட்டிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்துக்கொண்டு போனேன். இனி வரப்போகும் காலத்தில் ஒரு நகரம். நகரத்துக்கு ஒரு மதில், மதிலில் கோபுரங்கள். மதிலுக்கு வெளியே கிடக்கும் ஏழைகள் மேல் அந்தக் கோபுரங்கள் ஒவ்வொரு பின்னேரமும் குண்டு வீசும். பதினாறு வயதுப் பெட்டை ஒருத்தி இடுப்பில் கத்தியோடு திரிவாள். பத்துப் பக்கத்துக்கு ஒரு கொலை. ஒருவனின் கண்ணைத் தோண்டினார்கள், ஒருத்தியை உயிரோடு கொளுத்தினார்கள். நான் உளுந்து வடையைக் கடித்துக்கொண்டே வாசித்தேன். வாந்தியும் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. உதுக்கெல்லாம் இவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்பனை செய்திருக்கிறார்களே, எங்களிடம் கேட்டிருந்தால் சும்மா சொல்லியிருப்போமே என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நூற்று எண்பத்தேழாம் பக்கத்துக்கு வந்தேன். அந்தப் பெட்டையும் சிநேகிதியும் ஒரு மண்கிடங்குக்குள் பதுங்கியிருக்கிறார்கள். கோபுரம் எப்போதும் ஏழு தரம்தான் சுடும் என்று அவளுக்குத் தெரியும். விரல் மடித்து எண்ணுகிறாள். ஏழு ஆனதும் "இப்ப ஓடு" என்கிறாள். சிநேகிதி ஓடிப்போய்த் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறாள். இருவரும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான். நான் புத்தகத்தைச் சுழற்றி எறிந்தேன். அது குளிர்சாதனப் பெட்டியில் பட்டு, மேலே இருந்த கண்ணாடிச் சாடி விழுந்து நொறுங்கியது. குசினி அடுப்படியில் இருந்து ஓடிவந்த மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு தகப்பனிடம், "அம்மாவுக்கு ரத்தம் எண்டால் பயம்" என்று சொன்னது காதில் விழுந்தது. கீழே கிடந்த ரிக்கற்றை, விரிந்து கிடந்த அந்தப் பக்கத்திலேயே செருகி, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கோபத்தோடு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

எனக்கு ரத்தத்தில் பயமில்லை. எண்ணிக்கை சரியாக வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

நாங்கள் அப்போது தெல்லிப்பழையில் இருந்தோம். இராணுவ முகாமில் இருந்து செல் குண்டு அடிப்பார்கள். முதலில் தூரத்தில் உரலில் உலக்கை போட்டதுபோல ஒரு குத்துச் சத்தம் கேட்கும். பிறகு தலைக்கு மேலே கூவல். அதற்குப் பிறகு எங்கோ ஒரு வீடு, ஒரு மாடு, ஒரு மனிதன். நாலு வீடு தள்ளியிருந்த வளவில் ஒரு பசு குடல் வெளியே கிடக்க அன்று முழுதும் கதறியதை எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் சோறு தின்றோம். சாவு இப்படி நாளாந்தம் வந்தால் மனுசர் அதற்கும் ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள். எங்கள் ஊர்க் கணக்கு அஞ்சு. பின்னேரம் நாலரைக்கும் ஐந்துக்கும் இடையில் அஞ்சு குத்து. அதற்குமேல் அன்றைக்கு இல்லை. மாதக் கணக்கில் அது பிசகவேயில்லை. அஞ்சாவது வெடித்ததும் ஆராவது "அஞ்சு முடிஞ்சுது" என்று குரல் கொடுக்க, பக்கத்து வளவில் இருந்து அதே சொல் திரும்பி வரும். பனங்குற்றி அடுக்கி மூடிய பங்கர்க் குழிக்குள் இருந்து சனம் வெளியே வந்து அடுப்பு மூட்டும். கோயில் மணியைவிட நாங்கள் அந்தச் சொல்லைத்தான் நம்பினோம்.

மச்சாளுக்கும் எனக்கும் ஒரே வயது, பதினைந்து. ஒரே வளவில் இரண்டு வீடு. கணக்கில் வகுப்பிலேயே அவள்தான் முதல். என்னைப் பார்த்து, "உனக்கு விரல் இல்லாட்டி எண்ணவே தெரியாதடி" என்று நக்கலடிப்பாள். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்தக் கதைப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்தில்தான் தொடங்குவாள். "முடிவு தெரிஞ்சால்தான் எனக்கு நிம்மதியா வாசிக்கேலும்" என்பாள். தான் வாசித்தால் போதாதா? நான் பாதியில் நிற்கும் நேரம் பார்த்து முடிவை எனக்கும் சொல்லிப்போடுவாள். அதற்காக நான் அவள் பின்னலைப் பிடித்து இழுத்து அடித்திருக்கிறேன். அவளும் சும்மா விடுகிறவள் இல்லை, கடிப்பாள். என் இடது முழங்கைக்குக் கீழே அவள் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

அன்றைக்கு வாசிகசாலையில் இருந்து எடுத்த மாத நாவல் ஒன்றைக் கிணற்றடியில் வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் குத்து கேட்டதும் அதை உடுப்புத் தோய்க்கும் கல்லிலேயே போட்டுவிட்டு ஓடினேன். பங்கருக்குள் அம்மா, நான், மச்சாள். மாமாவும் மாமியும் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். எண்ணியது நான். மச்சாள் காதைப் பொத்திக்கொண்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சாவது கொஞ்சம் கிட்ட விழுந்தது, மண் கொட்டியது. அதே நேரம் மழை தூறத் தொடங்கியது. வாசிகசாலைப் புத்தகம் நனைந்தால் நான்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். "அஞ்சு முடிஞ்சுது. ஓடிப்போய் என்ரை புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாடி" என்றேன். அவள் எழுந்து பாவாடையில் மண்ணைத் தட்டினாள். "எடுத்துக்கொண்டு வரேக்கை கடைசிப் பக்கத்தைப் பாத்திட்டு வந்து சொல்லிப்போடுவன்" என்று சிரித்தாள்.

ஆறாவது குத்தை நான் எண்ணவில்லை. அது கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை. செல் அடிக்கிறவன் கையில் ஒன்று மிஞ்சியிருக்கலாம். அன்றைக்கு ஆள் மாறியிருக்கலாம். எங்கள் அஞ்சு எங்களுக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரியாதே. நான் வெளியே வந்தபோது தோய்க்கிற கல் இரண்டாகப் பிளந்திருந்தது. மச்சாளின் சிவப்பு ரிப்பன் குலையாமல் இருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. கிணற்றுச் சுவர் முழுக்கப் புத்தகத்தின் தாள்கள் ரத்தத்தில் ஒட்டியிருந்தன. நாவலில் சாகிறவர்கள் இரண்டு பக்கத்துக்கு அழகாகக் கதைத்துவிட்டுத்தான் சாகிறார்கள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது, ஒரு சொல்லும் வரவில்லை.

மாமா சைக்கிளைத் தெருவில் போட்டுவிட்டு ஓடிவந்தார். கிணற்றுக் கட்டில் நெற்றியை மோதினார். சத்தம் கேட்டு வந்த அப்பா பிடிக்கப் போக அவரையும் தள்ளி விழுத்தினார். ரத்தம் கண்ணுக்குள் வழிய, "ஆர் அவளைப் போகச் சொன்னது? ஆர் சொன்னது?" என்று கத்தினார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தன் அண்ணனைப் பார்த்து, "உங்கடை பிள்ளைதான் எண்ணினவள் அண்ணை. பிழையா எண்ணிப்போட்டு அவசரப்பட்டு ஓடினவள்" என்றாள். நான் வாய் திறக்கவில்லை. செத்த வீட்டில் அந்தச் சொல் வாய்க்கு வாய் மாறியது. எண்ணத் தெரியாத பெட்டை, அவசரக்காரி. கணக்கில் நூறு எடுத்தவளை அப்படிச் சொன்னார்கள். ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தச் சொல்லும் எங்களோடு இடம்பெயர்ந்தது. மாமாவும் மாமியும் அதை நம்பிக்கொண்டே கண்ணை மூடினார்கள். அம்மா என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள், அவளை நான் குறை சொல்லமாட்டேன். என்னைச் சொல்லுவேன். முப்பத்தைந்து வருடமாக ஒரு பொய்யில் குடியிருந்தவள் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, உடைந்த சாடியைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளிக்கொண்டு இருக்கையில் மகள் திரும்பி வந்தாள். "ரத்தம் பயமெண்டால் முதலே சொல்லியிருக்கலாம்தானே?" என்றாள். அந்தக் கேள்வியில் ஒன்றுமில்லை. ஆனால் என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. நிலத்திலேயே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சொன்ன பொய்யையும் சொன்னேன். அவளுக்கு என் மேல் வெறுப்பு வரும் என்று நினைத்தேன், வந்தாலும் சரி என்று நினைத்தேன். அவள் எனக்கு முன்னால் நிலத்தில் வந்து இருந்தாள்.

"அம்மா, அவ எனக்கு என்ன முறை?"

"மாமி."

"அப்ப எனக்கு ஒரு மாமி இருந்திருக்கிறா" என்றாள். பிறகு, "எண்ணத் தெரிஞ்ச மாமி" என்றாள்.

அந்தச் சொல்லை அவளுக்காக ஒருவரும் சொன்னதில்லை. நான் சொல்லியிருக்கவேண்டிய சொல். தும்புத்தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழறி அழுதேன்.

அழுது முடியுமுன் ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டது. நாவல் முற்றத்தில் மகள் இருந்துவிட்டு வந்த கதிரையில் கிடந்தது. "ஐயோ என்ரை புத்தகம்" என்று மகள் எழுந்தாள். நான் அவள் கையை எட்டிப் பிடித்தேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் பிடித்திருப்பேன், அடுத்த நாளும் கையில் சிவந்திருந்தது. "நீ இரு" என்றேன்.

நான் போனேன். ஓடவில்லை, நடந்தேன். மழை வலுத்துவிட்டது. புத்தகம் கவிழ்ந்து கிடந்தது, தூக்கியதும் தண்ணீர் ஒழுகியது. ஈரத்தில் பின்னட்டை தானாகப் பிரிந்து கடைசிப் பக்கம் திறந்துகொண்டது. கண்ணைத் தாழ்த்தினால் போதும், முடிவு தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லவேண்டியவள் மச்சாள். நான் அட்டையை மூடி, புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மகள் நிற்கும் வாசலுக்குத் திரும்பி வந்தேன்.