இருபத்தாறாவது வளையம்

என் மனைவி அம்சவேணியிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டு நம்பி உட்காருகிறவன் முட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியில் படிந்த பனியில் ஐங்கோணம் வரைந்துகொண்டிருப்பாள். மயூர் விஹாரில் மெட்ரோ ஏறினால், இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டித்தான் சுயநினைவுக்கு வருவாள். தூக்கமில்லை, கனவு.

புற்றுநோய்க்கு மருந்தாகக்கூடிய சிறு மூலக்கூறுகளை வடிவமைப்பது பல்கலைக்கழகத்தில் அவள் வேலை. கார்பன் அணுக்கள் கைகோத்து வளையமாக நிற்கும். அதில் ஓரிடத்தில் நைட்ரஜனை நுழைத்துப் பார்ப்பாள், இன்னோரிடத்தில் கந்தகத்தை. புற்றுச்செல்லின் புரதம் ஒன்றில் சின்னப் பள்ளம் இருக்கிறதாம். அதில் அவள் வளையம் காஜாவில் பொத்தான் போலப் பொருந்தவேண்டும். கனவில் அந்தப் பள்ளத்துக்குள் நடந்து போனதாக ஒருநாள் சொன்னாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்ததாம். நான் அமைச்சகத்தில் கோப்பு நகர்த்துகிறவன், தலையாட்டி வைத்தேன்.

ஆறு வருடத்தில் இருபத்தைந்து வளையங்கள் தோற்றன. இருபத்தாறாவது, தட்டில் வளர்த்த புற்றுச்செல்களைக் கொன்றது. அவள் பேராசிரியர் உடனே அதைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார். மார்ச்சில் முடியும் அவள் வேலை நீடிக்க அந்தக் கட்டுரை ஒன்றுதான் வழி.

ஆனால் அந்த வளையத்தின் பொடி லேசான பழுப்பு. அவளுக்கு அது வெள்ளையாக வேண்டும். யாரும் கேட்காமலே மறுபடி கரைத்து, வடிகட்டி, படிய வைத்தாள். வெளேரென்று வந்ததைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு மூன்று நாள் கால் தரையில் படாமல் திரிந்தாள்.

நான்காம் நாள் மாலை, தோள்பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள்.

"செல்லெல்லாம் நல்லா இருக்குங்க," என்றாள்.

"அச்சா," என்றுவிட்டேன். பிறகுதான் உறைத்தது, புற்றுச்செல்கள் சாகவில்லை என்கிறாள். முன்பு கொன்றது வளையமில்லை. வளையத்தை இணைக்கச் சேர்த்த பலேடியம் என்ற உலோகத்தின் மிச்சம். அழுக்குப் போனதும் மருந்தும் போய்விட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை யார் கழுவச் சொன்னது என்று கத்தினேன். மார்ச் வரை வாயைத் திறக்காதே என்றும் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவளுக்குக் கோபம் வரவில்லை.

"இத நம்பி எங்கயோ இன்னொருத்தி ஆறு வருஷம் கனவு கண்டுக்கிட்டு இருப்பாளேங்க," என்றாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறும்படி பேராசிரியருக்குக் கடிதம் அடித்தாள். அனுப்புவதற்கு முன் என்னைப் பார்த்தாள். நான் சரி என்று சொல்ல வெகுநேரம் ஆயிற்று. அதுவரை காத்திருந்தாள்.