வாய் இருக்கிற பக்கம்

அந்தக் காருக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று நான் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் ஒன்றைப் படுக்கப் போட்டு, அடியில் நான்கு மூடிகளைச் சக்கரமாக மாட்டியிருந்தாள் என் மகள். வாய் இருக்கிற பக்கம்தானே முகம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அப்போது எனக்கில்லை.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் போட்டி. வாயுவின் வேகத்திலேயே கார் ஓட வேண்டும். பாட்டிலுக்குள் வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் வாயு பொங்கும். வாயில் அடைத்த தக்கையின் சிறு துளை வழியாக அது பின்னால் சீற, கார் முன்னால் ஓடும். அந்தத் துளைக்காகத்தான் ஒரு மாதம் மொட்டை மாடியே கதி என்று கிடந்தாள். பெரிதாகப் போட்டால் வாயு உடனே தீர்ந்துவிடும், சிறிதாகப் போட்டால் தக்கை தெறித்துவிடும் என்பாள். நோட்டு நிறையக் கணக்கு.

"இது ஓடுச்சுன்னா இன்ஜினியரிங்குக்குப் போடுதேன்மா. ஓடலைன்னா எனக்கு அது வராதுன்னு அர்த்தம்."

ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியில் அதற்குள் அவளை இன்ஜினியராகவே ஆக்கிவிட்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த எதுவும் சந்தனம், குங்குமம் வைக்காமல் வாசல் தாண்டாது. போட்டியன்று காலையில் அவள் குளிக்கப் போனபோது தக்கையின் நடுவில் தாராளமாகச் சந்தனம் அப்பினேன். வந்து பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஏம்மா, அது வண்டிக்குப் பின்னாடி! பின்னாடி போயா பொட்டு வைப்பாக?"

"சாமிக்கு முன்னாடி என்னட்டி, பின்னாடி என்னட்டி? கெளம்பு, பஸ்ஸு போயிரும்."

துப்பட்டாவால் ஒரு துடை துடைத்துப் பையில் வைத்தாள். நானும் கூடப் போனேன்.

கோட்டில் வைத்ததும் பாட்டிலுக்குள் நுரைத்தது. கார் நகரவில்லை. திடீரென்று தக்கை தெறிக்க, நின்ற இடத்திலேயே சுழன்று கவிழ்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். தக்கையை நான்தான் பொறுக்கி எடுத்தேன். திரும்பும் வழியெல்லாம், "துளை சின்னதாப் போச்சும்மா, என் கணக்குத்தான் தப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் பார்த்தேன். துளைக்குள் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. ஊசியால் குத்தி எடுத்தேன்.

மறுநாள் கம்பெனியில், "என்னக்கா, இன்ஜினியரம்மா காரு எந்த ஸ்டாண்டுல நிக்கி?" என்று கேலி செய்தார்கள். மகள் தோற்றுவிட்டாள் என்று சொல்ல முடிந்தது. நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றிருந்தபோதே அவள் பி.காம். சேர்ந்தாள், கல்யாணம் முடிந்தது, பிள்ளை பெற்றாள். தன் மகள் கணக்கில் சந்தேகம் கேட்டு வந்தால், "எனக்கு அந்த மூளை கிடையாதுட்டி" என்று திருப்பி அனுப்புவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

போன ஆடியில் காய்ச்சல் கண்டு என் மகள் போய்விட்டாள்.

இந்த வருஷம் பேத்தி பதினொன்றாம் வகுப்பு. சயின்ஸ் குரூப் வேண்டாம் என்றாள். "அம்மாவுக்கே வரலை. எனக்கெங்க ஆச்சி வரப்போகுது?"

அப்போதுதான் சொன்னேன். சந்தனத்தையும் சொன்னேன், ஊசியையும் சொன்னேன். உன் அம்மா போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை என்றேன்.



"இதை ஏன் ஆச்சி அம்மாட்ட சொல்லலை?"



சயின்ஸ் குரூப்பில்தான் சேர்ந்திருக்கிறாள். என்னோடு முன்போலப் பேசுவதில்லை.