பாலமும் நாலு சந்தைக் கெடுவும்

பஸ் நேரத்துக்கு வந்தால் டிரைவரைப் புகழ்வார்கள், வராவிட்டால் டயம் கீப்பரைத் திட்டுவார்கள். அந்த வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

யுத்த காலத்தில் நாமக்கல் பக்கம் ஒரு பஸ் கம்பெனியில் டயம் கீப்பராக இருந்தேன். சந்தை நாளில் ஊருக்கு வெளியே உள்ள குறுகலான பாலத்தில் பஸ்ஸும் மாட்டு வண்டியும் முட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். எந்த வண்டி எந்தத் தடத்தில், எப்போது போவது என்று முதலாளி என்னைத் திட்டம் போடச் சொன்னார். நாலு சந்தைக்குள் பாலம் சீராகாவிட்டால் என் சீட்டுக் கிழியும். வீட்டில் மனைவிக்கு அப்போது ஏழு மாதம்.

தலையாட்டியவர்கள்

மாட்டு வண்டிகள் பாலத்துக்கு வராமல் ஏரிக்கரைத் தடத்தில் திரும்ப வேண்டும். முதல் சந்தையில் வண்டிக்காரர் ஒவ்வொருவரையும் கும்பிட்டுச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சாயங்காலம் பார்த்தால் அத்தனை வண்டியும் பாலத்தில்! வயிறாரச் சாப்பிட்டவர்கள் வைக்கோல் மேல் தூங்க, மாடுகள் பழகிய வழியில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒருவரை உலுக்கி எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்:

“ஏனுங்க, எங்கிட்டச் சொன்னீங்க சரி, மாட்டுக்கு ஆருங்க சொல்றது?”

கரியடுப்பு

அடுத்த சந்தையில் முன்வண்டிக்காரரை மட்டும் தூங்க விடாமல் பேச்சுக் கொடுத்தே ஏரிக்கரைக்குத் திருப்பினேன். பின்வண்டி மாடுகள் தாமாகத் தொடர்ந்தன. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் பஸ்கள் இருந்தனவே. பெட்ரோல் கிடைக்காமல் எல்லாம் பின்னால் கட்டிய அடுப்பில் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓடின. சேலம் பஸ் பாலத்தைத் தாண்டிய பிறகே எதிர் பஸ் ஏற வேண்டும் என்று நிமிஷக் கணக்கில் எழுதியிருந்தேன். சேலம் பஸ் ஏற்றத்தில் இழுக்க முடியாமல் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பிரயாணிகள் இறங்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். டிரைவர் கரியைக் கிளறிக்கொண்டே கேட்டார்:

“உங்க கடியாரத்துல இந்த அடுப்பு பத்திக்கிற நேரத்தைச் சேத்துனீங்களா?”

பாவாயியின் கேள்வி

சேர்த்தேன். பஸ் பாலத்துக்கு முன்னால் நின்று, கரியைக் கிளறிவிட்டுத்தான் ஏறுவது என்று எழுதினேன். மூன்றாம் சந்தையில் பாலம் வெறிச்சோடிக் கிடந்தது. வேலை தப்பியது என்று பூரித்துப் போனேன்.

அப்போது பாவாயி வந்தாள். பாலத்தோரம் பணியாரம் சுடுகிறவள். நெரிசலில் நின்ற வண்டிக்காரர்கள்தான் அவள் பிழைப்பு. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“பாலத்தைச் சரி பண்ணுனீங்க, நல்லாருங்க சாமி. என்ர அடுப்பு எந்தத் தடத்துல போறதுன்னு அந்தக் காகிதத்துல எழுதலீங்களா?”

எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைசிச் சந்தை

ஏரிக்கரையில் வண்டிகள் நின்று போக ஓர் இடம் குறித்து, பாவாயியை அங்கே உட்கார வைத்தேன். நாலாம் சந்தையன்று முதலாளி பார்க்க வந்தார். ஏரிக்கரையில் வண்டிகள் மூன்று வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றன. மனைவியை எந்த முகத்தோடு பார்ப்பது?

முதலாளி வண்டிகளுக்குள் புகுந்து போய், பணியாரம் வாங்கித் தின்றார். பாவாயி மறுபடி மாவை ஊற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“நெரிசல் இருக்குதுங்க. ஆனா, பாலத்து மேல இல்லியே! வேலையைப் பாருங்க.”

அதற்குப் பிறகும் பல வருஷம் அதே வேலையில் இருந்தேன். நெரிசலை ஒழித்ததாக மட்டும் யாரிடமும் சொன்னதில்லை, யாருக்கும் வயிறு காயாத இடமாகப் பார்த்து நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான்.