உண்ணிச்செடி பறித்தவனின் பங்கு

கீழப்பாவூரில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாறையை உடைத்துக் கிணறு தோண்டினேன். தண்ணீர் வராது என்று சொன்னவர்கள் பிறகு என்னிடமே குடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிமெண்ட் கல் பட்டறை வைத்தேன். தென்காசியில் மாடி வீடு கட்டினேன். குற்றாலத்தில், சீசனுக்கு வருகிறவர்கள் தங்க எட்டு அறைகள் எழுப்பினேன். ஒருவரும் கைகொடுக்கவில்லை. ஆனாலும் நான் செய்ததிலேயே பெரிய காரியம் எது என்று கேட்டால், மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டிய ஒன்றரை ஏக்கர் சரிவை, காட்டை விழுங்கும் களையான உண்ணிச்செடியிடமிருந்து மீட்டதைத்தான் சொல்வேன். அதற்குத்தான் இன்றுவரை எனக்குப் பெயரில்லை.

நான் வாங்கும்போது அந்த நிலத்தில் ஓர் ஆள் நுழைய வழி கிடையாது. தலைக்கு மேல் முள்ளும் பூவுமாகப் பின்னிக் கிடந்தது. மலையோரம் என்பதால் சொந்தப் பட்டா என்றாலும் இஷ்டத்துக்குக் கோடாலி எடுக்க முடியாது. மரம் என்றால், பட்டுப்போனதே ஆனாலும், வனத்துறைக்கு மனு கொடுத்து, ஆள் வந்து பார்த்து, அனுமதித் தாள் கைக்கு வந்த பிறகுதான் தொடலாம். களையை எடுக்க விடுவார்கள். அதற்கும் நிபந்தனை உண்டு. எந்திரம் கூடாது, மருந்து கூடாது. ஓடைக்கரையில் மண்வெட்டி படவே கூடாது. கையால்தான் பறிக்க வேண்டும். அதுவும் இந்த வருஷம் பாதி, அங்கே புல் பிடித்த பிறகு மறுபாதி.

உண்ணிச்செடியை மேலே வெட்டினால் ஒன்று நாலாகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேருகிற கணுவுக்குக் கீழே, மண்ணுக்குள் மூன்று விரல் இறக்கி அறுக்க வேண்டும். அறுத்ததை வேர் வானம் பார்க்கத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தோற்றுத் தோற்றுக் கண்டுபிடித்தேன். நானும் என் வீட்டுக்காரியும் ஒன்பது வருஷம் குத்தவைத்து உட்கார்ந்தபடியே அந்தச் சரிவில் ஏறினோம். புல் வந்தது. புல்லுக்குப் பின்னால் நாவல் கன்றுகள் தானாக வந்தன.

ஓடைக்கரையில் ஒரு நீர்மருது நின்றது. இரண்டு ஆள் கைகோர்த்தாலும் கட்ட முடியாத மரம். உண்ணிப்பழம் தின்ற குருவிகள் அதில் உட்கார்ந்து எச்சமிடும். அதனால் மருதின் அடியில்தான் களை முளைத்துக்கொண்டே இருக்கும்.

போன சித்திரையில், மலையைப் பேண ஊரில் அமைத்திருந்த மலைக்குழுவினர் சரிவின் கீழே பலகை வைக்கத் தீர்மானித்தார்கள். மீட்டவர்கள் பெயர் அதில் வரும், திறந்து வைக்கப் பெரிய அதிகாரி வருவார் என்றார்கள். முதல் பெயர் என்னுடையதுதான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அதிகாரி வரும்போது ஓடைக்கரை, வீட்டு முற்றம் மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆறு பேரைக் கூலிக்கு அழைத்து மண்வெட்டியைக் கொடுத்தேன்.

அந்தப் பக்கம் ரோந்து வந்த வனக்காவலர் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, கரையில மம்பட்டி போடாதிய. தாள்ல எழுதியிருக்குல்லா?"

"தாள எழுதுனவன் கையில ஒரு நாளாவது உண்ணிமுள்ளு ஏறியிருக்கா தம்பி?"

"அவன் கையில ஏறல. நாளைக்குக் கேஸு வந்தா ஒங்க தலையிலதான் ஏறும்."

கூலிக்கு வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வீம்பு பிடித்தது. பாதியில் நிறுத்த நினைத்தவன் முழுக்கரையையும் கொத்தவைத்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரி வந்து பார்த்தாள். "என்னங்க, மரத்துக்கு வேட்டிய உருவுன மாதிரில்லா நிக்குது!"

"ஏட்டி, சுத்தமா இருந்தா ஒனக்குப் பொறுக்காதே."

"சுத்தம் வேற, மொட்டை வேற" என்றாள்.

அந்த முறை சாரல் பருவம் முன்னதாக வந்தது. இரண்டு நாள் தூறல். மூன்றாம் நாள் மலையில் கொட்டு கொட்டென்று கொட்டி, ஓடை செம்மண் குழம்பாக ஏறியது. மதியம் சரிவின் மேலிருந்த எங்கள் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தபோது சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கரை இல்லை. மருது ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. பிடிமண் கரைந்து போன வேர்களைத் தண்ணீர் அலசிக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரி மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

விசாரிக்க வந்த வன அதிகாரி மீதிக் கரையில் இருந்த மண்வெட்டித் தடத்தைப் பார்த்தார். அனுமதியில்லாமல் மரத்தை வீழ்த்தியதாக எழுதினார்.

"நான் மரத்த வெட்டல சார். மண்ணக் கொத்துனேன். மரம் விழுந்துட்டு."

"ரெண்டும் ஒண்ணுதான் பெரியவரே" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான். எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

மறு உத்தரவு வரும்வரை மரத்தை அசைக்கக் கூடாது. அது அங்கேயே கிடக்கிறது. பட்டையில் காளான் பூத்துவிட்டது. நிழல் போன இடத்தில் வெயில் விழுந்து, உண்ணிக்கன்றுகள் மறுபடி கும்பலாக முளைக்கின்றன. என் வீட்டுக்காரி இப்போது அங்கே வருவதில்லை. முழங்கால் மடங்காத நான் ஒரு பலகைத்துண்டைப் போட்டு உட்கார்ந்து, கையால் மட்டும் பறிக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பாய் அளவு முடிகிறது. அதற்குள் பக்கத்தில் இரண்டு பாய் அளவு முளைத்துவிடுகிறது.

குழு பலகையை வைத்துவிட்டது. குழுக்காரர்கள் பெயர் இருக்கிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டோ எடுத்துப் போன கல்லூரிப் பிள்ளைகள் பெயர்கூட இருக்கிறது. கேஸ்காரன் பெயர் வேண்டாம் என்று என்னுடையதை விட்டுவிட்டார்களாம்.

மருது விழுந்தது என்னால்தான். அதை மறைக்கச் சொல்லவில்லை. அதையும் பலகையிலேயே எழுதுங்கள், தலைகுனிந்து நிற்கிறேன். ஆனால் ஒன்பது வருஷம் அந்தச் சரிவில் உட்கார்ந்து ஏறியவர்கள் நானும் அவளும். இடம் போதாதென்றால் மற்ற பெயர்களின் எழுத்தைச் சிறிதாக்குங்கள். எங்கள் இருவர் பெயரும் அதில் ஏற வேண்டும்.