மவுஸிலிருந்து கையை எடுத்தபோது

கணவர் பக்கவாதத்தில் படுத்தபின், மாடம்பாக்கம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். நான் வடிவமைக்கும் சமையலறை மாதிரிகளை அலுவலகக் கணினி வரையும். அந்தத் திரை இணையம் வழியாக என் லேப்டாப்பில் தெரியும்.

அன்று மழை. படம் கலங்கலாகவே வந்தது. மாலைக்குள் ஒரு சமையலறையின் நிறத்தை மாற்றித் தராவிட்டால் வேலை போய்விடும். பதற்றத்தில் மவுஸால் படத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கூச்சத்தை விட்டு, அலுவலகக் கணினிப் பிரிவுக்குப் போன் செய்தேன்.

“அக்கா, வரையறது இங்க இருக்கிற கிராபிக்ஸ் கார்டு. உங்களுக்குப் படம் மட்டும்தான் வருது. லைன் ஸ்லோ. நீங்க ராட்டினம் மாதிரி சுத்திக்கிட்டே இருந்தா மங்கலாத்தான் அனுப்பும். மவுஸ்லேர்ந்து கையை எடுங்க. கொஞ்சம் சும்மா இருங்க,” என்றார் முகம் தெரியாத ஒருவர்.

எடுத்தேன். படம் மெல்லத் தெளிந்தது.

“வந்துடுச்சாக்கா?”

“வந்துடுச்சு,” என்றேன். கணவர் படுத்ததிலிருந்து என்னைச் சும்மா இருக்கச் சொன்னவர் யாருமில்லை. வேலையை முடித்து அனுப்பினேன். அதற்குள் உள்ளேயிருந்து கணவர் முனகினார். எழுந்து போனேன்.