நிலுவை: ஒன்று

நம்புங்கள் என்று நான் கெஞ்சப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை, பகல் 2:20. பட்டப்பகலில், அலுவலகத்தில், என் கண் முன்னால் நடந்தது.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே இடத்தில் வேலை. விரலில் மாட்டி நாடி பார்க்கும் கிளிப்பைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் என்ற மென்பொருளை நாங்கள்தான் எழுதினோம். யுஎஸ்பி வயரை யாராவது வெடுக்கென்று பிடுங்கினாலும் அது ஒழுங்காக மூடிக்கொள்ள வேண்டும். புதிதாக எதையும் கேட்காதே, ஏற்கெனவே கேட்டதற்கெல்லாம் பதில் வரும்வரை பொறு, பிறகு நினைவகத்தில் பிடித்து வைத்த இடத்தைக் காலி செய். அப்படித்தான் அக்கா எழுதியிருந்தாள். பொறுக்காமல் காலி செய்தால், தாமதமாக வரும் பதில் இல்லாத இடத்தில் வந்து விழும், கணினியே படுத்துவிடும். மூட நேரமாகிறது என்று மேலதிகாரி முணுமுணுத்தார். காத்திருக்கச் சொல்லும் வரிகளைத் தூக்கிவிடலாம் என்றேன் நான். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

“வெளிய போனவன் திரும்பி வர்றதுக்குள்ள வீட்ட இடிச்சா, அவன் எங்கடா வருவான்?” என்றாள் மூன்றாம் நாள்.

பிறகு ஆஸ்பத்திரியில் படுத்தாள். எழவே இல்லை. வெளியூரிலிருந்து நான் அடித்துப் பிடித்து வந்தபோது, தகனக் கூடத்தின் இரும்புக் கதவை மூடி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்காக யார் காத்திருந்தார்கள்? அந்த ஆத்திரத்தில்தான், மூன்று வாரம் கழித்து, அவள் எழுதிய வரிகளை அழிக்க உட்கார்ந்தேன்.

அழிக்கும் முன் கடைசியாக ஒரு சோதனை. வயரைப் பிடுங்கினேன். ‘நிலுவை: 1’ என்றது திரை, கேட்டதில் ஒன்றுக்கு இன்னும் பதில் வரவில்லை என்று. ஒரு நொடியில் பூஜ்யம் ஆகியிருக்க வேண்டும்.

2:21. ஒன்று.

2:23. ஒன்றேதான். கிளிப் என் கையில்... வயர் தொங்குகிறது...

டிங்.

கருவியைச் செருகினால் வரும் சத்தம். யாரும் செருகவில்லை.

துடிப்பு: 64.

நிலுவை: 0.

டிரைவர் ஒழுங்காக மூடிக்கொண்டது. பதிலோடு கிளிப்பின் எண்ணும் வரும். என் கையில் இருந்தது 12. திரையில் வந்தது 7. படுத்த இடத்திலேயே சோதித்துப் பார்க்கிறேன் என்று அக்கா ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன கிளிப் அது.

அத்தானுக்கு போன் போட்டு, அது எங்கே என்று கேட்டேன்.

“தம்பி வந்து கழட்டட்டும்னு சொன்னா. கடைசி வரைக்கும் யாரையும் தொட விடல. உனக்கு வர நேரமாயிடுச்சு... அவ விரல்ல அப்படியே வெச்சுதான் உள்ள அனுப்பினோம்.”